கிதார் வாங்குவோர்க்கு ஒரு சொல்

எமது விடுதியின் மாடிப்படிக்கட்டின் அடியில் மூன்று கிதார்கள் நெடுநாளாய்க் கிடந்தன. ஒன்றன் உறை கிழிந்திருந்தது. ஒன்றன் தந்திகள் துருவேறியிருந்தன. மூன்றாவதன் குதிரை பலகையினின்றும் பெயர்ந்து வாய் பிளந்து நின்றது. இவற்றை வாங்கியவர் மூவரும் எம் தோழர்களே. அவருள் ஒருவர்க்கு அவர்தம் அன்னையார் சீட்டு எடுத்த பணத்திலிருந்து வாங்கித் தந்தனர். மூவரும் ஆர்வத்தோடு தொடங்கினர். மூவரும் ஆறு திங்கள் நிரம்புமுன் கைவிட்டனர். காரணம் யாதென வினவினோம். "எமக்கு அந்த ஞானம் இல்லை" என்பதே மூவர் விடையும்.

இவ்விடை எம் உள்ளத்தை உறுத்திற்று. ஆதலின் ஒரு நாள் அம்மூன்றனுள் துருவேறிய தந்தியுடையதனை எடுத்துத் தூசு துடைத்து, புதிய தந்தி பூட்டி, பல்லாண்டு பயின்ற நண்பர் ஒருவர் கையிற் கொடுத்தோம். அவர் நான்கு விரல் வைத்து அழுத்திப் பார்த்தார், முகம் சுளித்தார், பின்னர் ஓர் அளவுகோலை வாங்கித் தந்தியின் அடியில் வைத்தார். பன்னிரண்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே நான்கு மில்லிமீட்டருக்கு மேலிருந்தது. "இதில் என்னாலும் வாசிக்க இயலாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஞானம் இல்லாதது எம் தோழர்க்கு அன்று. அவர் வாங்கிய மரப்பெட்டிக்கே என்பது அன்று விளங்கிற்று. அதன் பயனாய் எழுந்ததே இக்கட்டுரை.

பெரும்பொருள் படைத்தார்க்கு எம் சொல் வேண்டுவதன்று. அவர் எதனை வாங்கினும் ஒன்று தவறினால் மற்றொன்று வாங்குவர். நாம் கருதுவது, ஏறத்தாழ ரூ. 20,000 சேர்த்து வைத்துக்கொண்டு, முன்னையதினும் நல்லதொரு கிதார் வாங்க வேண்டுமென்று கடைத்தெருவுக்குப் புறப்படும் நடுத்தர நிலையினரையே. அன்னார்க்கு யாம் கூறுவது இது: உள்ள பொருளை மேற்பலகைக்கும் கைப்பொருத்தத்திற்கும் கொடுங்கள், அணிக்கும் பெயர்க்கும் கொடாதீர்கள்.

"முதலில் மலிவானதொன்றில் பழகுக, நிலைத்து நின்றால் பின்னர் நல்லது வாங்கலாம்" என்று அறிவுரை கூறும் பெரியோர் பலர். கேட்டற்கு இது சிக்கனமாகவே தோன்றும். ஆயின் நிகழ்வது யாது? தந்தி உயர்ந்து நிற்கும் கருவியில் விரல் நுனி கன்றிப் போகின்றது. அழுத்துங்கால் தந்தி மிகுதியாய் இழுபடுதலின் சுருதியும் ஏறிவிடுகின்றது. கற்போன் சரியான இடத்திலேயே விரல் வைக்கின்றான். பிழையான ஒலியே கேட்கின்றான். தேர்ந்தவன் உடனே கருவியைக் குறை கூறுவான். கற்கத் தொடங்கியவனோ தன்னையே குறை கூறிக்கொள்வான். நல்ல கருவியின் தேவை தேர்ந்தவனினும் தொடங்குவோனுக்கே மிகுதி என்பதை நாம் எண்ணுவதில்லை. மலிவுக் கருவியால் இழப்பது நாலாயிரமோ ஐயாயிரமோ மட்டும் அன்று. ஓர் இளைஞன் தன்மேல் வைத்த நம்பிக்கையையும் அதனோடு இழக்கின்றான்.

இனி மரத்தைப் பற்றிக் கூறுவோம். இசைக்கருவியை மரம் பார்த்துத் தேர்தல் தமிழர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்திலே, தன்முன் கொணர்ந்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, இது நீரில் நின்ற மரம், இது வாளால் வெட்டுண்ட மரம், இஃது இடி வீழ்ந்த மரம் என்று குற்றங்காட்டி ஒதுக்குகின்றான். யாழின் மேலுள்ள அணியை அவன் பாராட்டினான் அல்லன். ஒலி பிறக்கும் மரத்தையே பார்த்தான். கிதாருக்கும் அதுவே நெறி.

கிதாரின் ஒலி பெரும்பாலும் அதன் மேற்பலகையிற் பிறப்பது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பருமனே உடைய அம்மெல்லிய பலகை, ஆறு எஃகுத் தந்திகளின் எழுபது கிலோகிராம் அளவான இழுவிசையைத் தாங்கியும் நிற்க வேண்டும். தந்தியின் சிறு துடிப்புக்கெல்லாம் அதிரவும் வேண்டும். எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் இருத்தலாலேயே ஸ்புரூஸ் என்னும் மரத்தை இதற்குப் பெரிதும் கொள்கின்றனர். சீடர், மகோகனி முதலியனவும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அந்தோனியோ டெ டோரஸ் (1817–1892) என்னும் கருவி வினைஞர், மேற்பலகையின் சிறப்பை மெய்ப்பிக்க 1862ஆம் ஆண்டில் ஒரு கிதார் செய்தார். மேற்பலகையை நன்மரத்தால் அமைத்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே அமைத்தார். பார்சலோனா நகரத்து இசைப் பொருட்காட்சிச் சாலையில் அக்கருவி இன்றும் வைக்கப்பட்டுள்ளது. நடுத்தரப் பொருளுடையார் தம் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆதலின் மேற்பலகை ஒட்டுப்பலகையாய் இராது திண்மரமாய் இருத்தல் வேண்டும். ஒட்டுப்பலகை மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பசையிட்டு அடுக்கியது; உழைக்கும், ஆயின் அதிர்வை அடக்கிவிடும். கடைக்காரர் "ஸ்புரூஸ் டாப்" என்று கூறுவதைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஒட்டுப்பலகையின் மேலேடு ஸ்புரூஸாயினும் அப்பெயர் கூறலாம். "சாலிட் டாப்" என்ற சொல்லே திண்மரத்தைக் குறிப்பது. சொல்லினும் கண்ணை நம்புதல் நன்று. நடுவிலுள்ள வட்டத் துளையின் விளிம்பை வெளிச்சத்திற் பாருங்கள். மேலே ஓடும் மரவரிகள் விளிம்பில் மடிந்து பருமன் முழுவதும் கீழே இறங்கினால் அது திண்மரம். விளிம்பில் ஏடேடாய் அடுக்குத் தோன்றினால் ஒட்டுப்பலகை. விளிம்பில் மை பூசி மறைத்திருந்தால் நிறுவனத்தார் வெளியிட்ட விவரத்தைக் கேட்டுப் படித்தல் வேண்டும்.

முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாய் இருத்தல் இவ்விலையில் குற்றமன்று. டோரஸின் அட்டைக் கிதாரே அதற்கு விடை கூறும். நம் கடற்கரையூர்களின் ஈரக் காற்றுக்கும் அது ஓரளவு தாங்கும். "முதுகு ரோஸ்வுட்" என்று கூறி விலையை ஏற்றுவாரும் உளர். அந்த ரோஸ்வுட் பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரமே. உலகெங்கும் உயர்ந்த கிதார்களுக்கு அதனைக் கொள்கின்றனர். ஆயின் ஒட்டுப்பலகையின் மேல் ஈட்டியின் மெல்லேடு ஒன்றை ஒட்டியது கண்ணுக்கு விருந்தேயன்றிக் காதுக்குச் சிறப்பன்று.

மரத்திற்கு அடுத்தது கைப்பொருத்தம். இதனை நம்மவர் பலரும் கருதுவதேயில்லை. கடைக்குச் செல்லுங்கால் ஒரு சிறு எஃகு அளவுகோலைச் சட்டைப்பையிற் கொண்டு செல்லுங்கள். பன்னிரண்டாம் மெட்டின் முகட்டுக்கும் தந்தியின் அடிக்கும் இடையே பருமனான ஆறாம் தந்தியில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரும், மெல்லிய முதல் தந்தியில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டரும் இருப்பின் விரலுக்கு இதம். சற்று மிகுந்திருப்பின், குதிரையின்மேல் தந்தியைத் தாங்கும் சிறு எலும்புக் கட்டையின் அடியைத் தேய்த்துத் தாழ்த்தலாம். அக்கட்டையில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாம் மெட்டில் அரை மில்லிமீட்டரே குறையும். ஆகவே கட்டையில் தேய்க்க இடம் இருக்கின்றதா என்பதையும் பாருங்கள். கட்டை முன்னரே தாழ்ந்தும் தந்தி உயர்ந்தே நிற்குமாயின் கழுத்துப் பூட்டே கோணியது, அதனைத் தீண்டாதீர்கள்.

அடுத்துச் சுருதி பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேல் தந்தியை அழுத்தாது மெல்லத் தொட்டு மீட்டினால் மேல் ஸ்தாயி ஒலி மணிபோற் பிறக்கும். அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலி அதனோடு ஒன்றுதல் வேண்டும். ஒன்றாவிடின் அக்கருவி எவ்வளவு அழகிதாயினும் வாழ்நாள் முழுவதும் வழுவியே பாடும். பின்னர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்கேனும் வண்டு முரல்வதுபோல் இரைச்சல் எழுகின்றதா, மெட்டின் முனை கையைக் கிழிக்கின்றதா என்று நோக்குங்கள். கடைக்காரர் பொறுமை இழப்பாராயின் வேறு கடையும் உண்டு.

உடலின் அளவும் பொருத்தத்துள் அடங்கும். பெரும்பாலார் கடையிற் கண்டவுடன் எடுப்பது டிரெட்நாட் எனப்படும் பெரிய உடலுடையது. அஃது உரத்த ஒலி தரும்; ஆயின் சிறு உடலினர்க்குத் தோளை வருத்தும். விடுதி அறையில் அமர்ந்து பாடுவார்க்குச் சிறிய உடலே போதும். நைலான் தந்திக் கிதாரை வாங்கிவிட்டு அதில் எஃகுத் தந்தி பூட்டுவாரும் உளர். அவ்விழுவிசைக்கு அஃது அமைந்ததன்று, குதிரை பெயர்ந்துவிடும். எம் மாடிப்படியின் கீழ்க் கிடந்த மூன்றாவதன் கதையும் இதுவே.

இனி எவற்றுக்குப் பொருள் கொடுத்தலாகாது என்பது. ஒரே விலையுள்ள இரண்டனுள் ஒன்றில் மின்னொலிக் கருவி பொருத்தியிருப்பின், அதன் விலையை மரத்திலிருந்தே எடுத்திருப்பர் என்று கொள்க. மேடையேறுங் காலம் வந்தால் அதனைப் பின்னரும் பொருத்தலாம். முத்துச்சிப்பி இழைப்பும் பளபளக்கும் வண்ணப் பூச்சும் அத்தகையனவே. பெயரும் அவ்வாறே. அமெரிக்காவில் 1833இல் தோன்றிய மார்ட்டின் நிறுவனத்தின் பெயர் போற்றற்குரியது. ஆயின் நம் பணத்திற்கு அப்பெயரின் ஒரு மூலையே கிடைக்கும். பிறந்த நாட்டை வைத்தும் கருவியை மதித்தலாகாது. யமஹா நிறுவனத்தார் 2019இல் சென்னைக்கு அண்மையில் தொடங்கிய தொழிற்சாலையிலும் கிதார்கள் செய்யப்படுகின்றன. அயல்நாட்டது என்பதனால் உயர்ந்ததும் ஆகாது, உள்நாட்டது என்பதனால் தாழ்ந்ததும் ஆகாது. காதே தீர்ப்புக் கூற வேண்டும்.

அக்காதைப் பயன்படுத்தற்கும் ஒரு முறை உண்டு. வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். அவர் ஒரே மெட்டை இரண்டு மூன்று கருவிகளில் வாசிக்க, நீங்கள் எதிரே நின்று கண்ணை மூடிக் கேளுங்கள். வாசிப்பவன் மடியில் கேட்கும் ஒலி வேறு. எதிரே செல்லும் ஒலி வேறு. பழந்தந்தி பூட்டிய நல்ல கிதாரும் மங்கி ஒலிக்கும். ஆகலின் தந்தியின் நிலையையும் கேட்டறிக. முதல் நாளே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். ஓரிரவு கழிந்தும் அவ்வொலி உங்கள் நினைவில் நின்றால் மறுநாள் சென்று வாங்குங்கள்.

பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புதலும் பிழை. ரூ. 20,000 உடையவர் ரூ. 16,500 அளவில் கருவியை வாங்கி, ரூ. 1,500 கைப்பொருத்தம் செய்யும் தொழிலாளிக்கும், ரூ. 1,500 தடித்த உறைக்கும், ரூ. 500 தந்திக்கும் ஒதுக்குவாராயின், இருபதினாயிரத்தையும் கருவிக்கே கொடுத்தவரினும் நல்ல கிதார் அவர் கையில் இருக்கும். ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதும் இழிவன்று. அதே பணத்திற்கு உயர்ந்த கருவி கிடைத்தலும் உண்டு. குதிரையின் பின்புறம் பலகை புடைத்துள்ளதா, குதிரை பெயர்கின்றதா, கழுத்து வளைந்துள்ளதா என்பவற்றை மட்டும் இருமடங்கு கவனத்தோடு ஆராய்தல் வேண்டும். வாங்கியபின் வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியில் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள். வெப்பத்தில் பசை இளகும், மரம் வெடிக்கும். உறையிலிட்டு வைத்தலே காவல்.

நல்ல கருவி ஒன்றே பாடகனை ஆக்கிவிடும் என்று யாம் கூறினோமல்லோம். பயிற்சியின்றி எக்கருவியும் பேசாது. ஆயின் பயிற்சிக்கு இணங்காத கருவி, உழைப்பவனை உழையாதவனாகவே காட்டிவிடும். ஆதலின் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எமது வேண்டுகோள் ஒன்று: ஓர் இளைஞன் "எனக்கு வரவில்லை" என்று கிதாரைக் கீழே வைப்பானாயின், அவன் கையை ஆராயுமுன் அவன் கையிலிருந்ததை ஆராயுங்கள்.

மாடிப்படியின் கீழ்க் கிடந்த மூன்றனுள் இரண்டு திருத்தத்திற்கு உட்படவில்லை. துருவேறிய தந்தியோடு கிடந்த அதனை மட்டும் ஒரு தொழிலாளியிடம் கொடுத்து எலும்புக் கட்டையைத் தேய்த்து வாங்கினோம். இன்னும் அது மங்கியே ஒலிக்கின்றது. ஆயினும் விரலுக்கு அடங்குகின்றது. அதன் உரியவர், அன்னையாரின் சீட்டுப் பணத்தில் பெற்றவர், இப்பொழுது மாலைதோறும் அதனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குச் செல்கின்றார். ஞானம் இல்லையென்ற பேச்சை இப்பொழுது அவர் வாயில் யாம் கேட்பதில்லை.