நோய் தணிந்தால் மட்டும் போதுமா?

மனநோயாளியிடம் வழக்கமாக என்ன கேட்கிறோம்? தூக்கம் வருகிறதா, குரல் கேட்கிறதா, மருந்து சாப்பிட்டீர்களா? எப்படி வாழ்கிறார் என்ற கேள்வி அரிது.

உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் உருவாக்கிய சுருக்கமான வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளில் 26 கேள்விகள் உள்ளன. பாதுகாப்பு, பணம், வீடு, மருத்துவ வசதி, போக்குவரத்து என வாழும் சூழலைப் பற்றியே 8 கேள்விகள். இந்த அளவுகோலை உருவாக்கிய முதல் 15 மையங்களில் சென்னையும் ஒன்று. தமிழில் இல்லை என்ற சாக்கு செல்லாது.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ரப்பர்க் காடு வீடமைப்பு நிலமானபோது வேலையோடு லயத்து வீடும் போனது. தாங்கிப் பிடித்த அக்கம்பக்கமும் சிதறியது. மருந்தால் தேறியவர் சிரம்பானுக்குச் சிகிச்சைக்கு வர பஸ் இல்லையென்றால், அது நோயின் குற்றமா?

ஓர் எச்சரிக்கை. இல்லாமைக்குப் பழகியவர் "பரவாயில்லைங்க" என்பார். அதை மதிப்பெண்ணாக்கி நகர்ந்துவிடாமல், அவர் வீட்டுக் கூரையையும் பாருங்கள்.

உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008 நீண்டகால மனநலக் குறைபாட்டையும் உள்ளடக்குகிறது. மருத்துவமனைகள் தமிழில் கேட்கட்டும். நோயாளியின் சம்மதத்தோடு விடைகள் சமூகநல இலாகாவுக்குப் போகட்டும். நாம் கேட்பது சலுகையல்ல, உரிமை!