ஐந்து காரணங்கள் போதுமா?

வரலாற்றுத் தேர்வில் பல்லாண்டுகளாகத் தலைகாட்டி வரும் வினா ஒன்று உண்டு. 'இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் தோல்வியுற்றதற்கான காரணங்களை விளக்குக.' இதற்கு விடை உங்களில் பலருக்கு மனப்பாடம். ஆங்கிலேயரின் கடற்படை வலிமை, வங்காளத்தின் செல்வம், பிரெஞ்சு அரசின் அக்கறையின்மை, டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டது, லாலியின் தவறுகள். ஐந்து காரணம், ஐந்து தலைப்பு, ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு வரி, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. முடிந்தது வேலை!

இந்த விடையில் பிழை என்று சொல்ல ஏதும் இல்லை. ஐந்தும் உண்மையே. ஆனாலும் இது கட்டுரை ஆகாது என்பது என் கருத்து. இது மளிகைச் சிட்டை. துவரம் பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ என்று எழுதுவது போல, காரணங்களை எழுதியிருக்கிறோம். நம்பவில்லையானால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அந்த ஐந்து காரணங்களையும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, வேறு வரிசையில் எழுதுங்கள். விடையில் எதுவும் கெட்டுப் போகவில்லையே! ஒன்றுக்கொன்று தொடர்பு இருந்திருந்தால் வரிசை மாறியதும் விடை தடுமாறியிருக்க வேண்டும் அல்லவா?

அறிவியல் பாடத்தில் நீங்கள் இப்படிச் செய்வதில்லை. விதை முளைக்க நீர் தேவை என்று எழுதினால், அதற்குச் சோதனை கேட்பார்கள். இரண்டு கிண்ணங்களில் அவரை விதை வைக்கிறீர்கள். ஒன்றுக்கு நீர் உண்டு, மற்றதற்கு இல்லை. மற்றவை எல்லாம் சமம். முளைத்ததையும் முளைக்காததையும் ஒப்பிட்டு முடிவுக்கு வருகிறீர்கள். வரலாற்றில் இது நடக்காது. போரைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் சில நேரங்களில் வரலாறே நமக்கு இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்துவிடுகிறது. நம் புதுச்சேரி அப்படிப்பட்ட ஓர் இடம்.

உழவர்கரையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி. நாம் பேசப்போகும் நிகழ்ச்சி நீங்கள் சைக்கிள் ஓட்டும் தெருக்களில் நடந்தது. உழவர்கரை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1706-ல். அதற்குப் போர் ஏதும் நடக்கவில்லை. கர்நாடக நவாப் தாவூத்கான் வேறு சில ஊர்களுடன் சேர்த்து அதை அவர்களுக்குக் கொடுத்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டில், புதுச்சேரியை ஆங்கிலேயர் இரண்டு முறை முற்றுகையிட்டனர். முதல் முறை 1748-ல். இரண்டாம் முறை 1760-ல்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா?

1748 ஆகஸ்டில் அட்மிரல் பாஸ்கவென் பெரியதொரு கப்பற்படையுடன் வந்தார். கடல் முழுவதும் ஆங்கிலேயர் வசம். பிரெஞ்சுக் கப்பல்கள் உதவிக்கு அருகில் இல்லை. உள்ளே டூப்ளே. ஆங்கிலேயர் நேரே நகரத்துக்கு வராமல், வழியில் அரியாங்குப்பத்தில் இருந்த சிறு கோட்டையைப் பிடிப்பதிலேயே பல நாட்களைப் போக்கடித்தனர். பிறகு நகரத்தைச் சூழ்ந்தனர். அதற்குள் அக்டோபர் வந்தது. வடகிழக்குப் பருவமழையும் வந்தது. படையில் நோய் பரவியது. பாஸ்கவென் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பிப் போனார். புதுச்சேரி விழவில்லை.

இப்போது நம் பட்டியலின் முதல் காரணத்தைப் பாருங்கள். 'ஆங்கிலேயரின் கடற்படை வலிமை.' 1748-லும் அந்த வலிமை இருந்ததே! ஆனால் நகரம் விழவில்லையே! ஆக, கடற்படை மட்டும் போதாது. இந்த ஒரு வரியை உங்கள் விடைத்தாளில் எழுதிவிட்டால், திருத்துபவரின் பேனா அங்கே ஒரு நொடி நிற்கும்.

இனி இரண்டாவது கிண்ணம். லாலி 1758 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். ஜூன் மாதமே கடலூர் அருகேயுள்ள செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கையில் பணம் இல்லை. பணம் திரட்டத் தஞ்சாவூர் அரசர் மீது படையெடுத்தார். அதிலும் பலன் இல்லை. ஐதராபாத்திலிருந்து புஸ்ஸியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். புஸ்ஸி கிளம்பியதும் வடசர்க்காரில் பிரெஞ்சு பலம் குறைந்தது. அங்கே யார் வந்தார்கள்? வங்காளத்திலிருந்து கிளைவ் அனுப்பிய போர்டின் படை! 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம் ஆங்கிலேயருக்குப் போயிற்று. 1757-ல் பிளாசியில் ஆங்கிலேயர் வென்றிராவிட்டால் வங்காளத்திலிருந்து இப்படிப் பணமும் படையும் புறப்பட்டு வந்திருக்குமா? 'வங்காளத்தின் செல்வம்' என்று தனித் தலைப்பாக எழுதினோமே, அது மசூலிப்பட்டினம் வழியாக லாலியின் பணப்பெட்டிக்குள் எப்படி நுழைகிறது பாருங்கள். அந்த வடசர்க்கார் மாவட்டங்கள்தாம் பிரெஞ்சுக்காரருக்கு வரி வருமானம் தந்து வந்தவை.

1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் துறைக்கு வந்ததும் முற்றுகையை விட்டு விலகினார். அந்த ஆண்டிலேயே பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் டாஷே மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டார். பிறகு திரும்பவே இல்லை. 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் அயர் கூட் பிரெஞ்சுப் படையை முறியடித்தார். அடுத்து ஆற்காடு, காரைக்கால் என்று ஒவ்வொன்றாகப் போயின. செப்டம்பரில் உழவர்கரையும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நகரத்துக்கு நெல்லும் காய்கறியும் வரும் மேற்கு வழி அடைபட்டது. கிழக்கே கடலும் அடைபட்டது.

உணவு குறையவே, நகரத்திலிருந்த இந்திய மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை லாலி வெளியேற்றினார். ஆங்கிலப் படை அவர்களை முதலில் வெளியே போக விடவில்லை. கோட்டைக்கும் முற்றுகை வரிசைக்கும் நடுவே அவர்கள் பட்டினியோடு பல நாட்கள் கிடந்தனர். பிறகுதான் வழி கிடைத்தது. பாடப்புத்தகத்தின் ஐந்து காரணங்களில் இவர்களுக்கு இடம் இல்லை. ஆனால் 'முற்றுகை' என்ற சொல்லுக்கு இதுவும் பொருள் என்று எழுதும் மாணவர், போரைப் புரிந்துகொண்டவர் என்பேன்.

1761 ஜனவரி முதல் நாள் பெரும் புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் சில உடைந்து மூழ்கின. ஆகா, தப்பித்தோம் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். ஆனால் சில நாட்களிலேயே மற்றக் கப்பல்கள் வந்து வழியை மறித்துக்கொண்டன. உள்ளே சோறு இல்லை. ஜனவரி 16-ல் நகரம் சரணடைந்தது.

1748-ல் மழை வந்ததும் ஆங்கிலேயர் கிளம்பிவிட்டார்கள். 1760-ல் மழை வந்தும் போகவில்லை. புயல் அடித்தும் போகவில்லை. என்ன மாறியிருந்தது? கடல் மாறவில்லை. தரையும் பணமும் மாறியிருந்தன. ஆகவே விடையின் முதல் பத்தியை இப்படித் தொடங்கலாம்: 'கடலில் ஆங்கிலேயர் வலிமை பெற்றிருந்ததால் மட்டும் பிரெஞ்சுக்காரர் தோற்கவில்லை, வங்காளத்தின் பணமும் வந்தவாசி வெற்றியும் சேர்ந்து, கடலோடு தரையையும் அடைத்தபோதுதான் தோற்றனர்.' இப்போது காரணங்களைச் சீட்டுக்கட்டாகக் கலைக்க முடியுமா, பாருங்கள்!

இது வெறும் மதிப்பெண் விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். இதே வினாவுக்கு அன்றைய பிரான்சும் ஒரு விடை எழுதியது. 'ஏன் தோற்றோம்?' என்று கேட்டு, ஒரே ஒரு காரணத்தை எழுதிற்று: லாலி. 1766 மே மாதத்தில் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று எழுத்தாளர் வால்டேர் பல ஆண்டுகள் வாதாடினார். 1778-ல் அரசரின் மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. போன தலை திரும்பி வருமா? லாலி முன்கோபக்காரர், தவறுகள் செய்தவர் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் பணம் அனுப்பாததும், கப்பல் திரும்பி வராததும் அவர் செய்த தவறுகளா? காரணங்களை எடைபோடாமல் பட்டியலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆதாரம் பற்றி ஒரு சொல். 1748 முற்றுகையின்போது ஆனந்தரங்கப் பிள்ளை நகரத்திற்குள் இருந்தார். டூப்ளேயின் தலைமைத் துபாஷி அவர். 1736-லிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். 1761 ஜனவரியில், நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் இறந்தார். தம் கண்ணால் கண்டதை எழுதியவர் என்பதால் அவர் நாட்குறிப்பு அருமையான சான்று. அதே சமயம் அவர் வணிகர். டூப்ளேயிடம் வேலை பார்த்தவர். அவர் யாரைப் புகழ்கிறார், யாரைக் குறை சொல்கிறார் என்பதைக் கொஞ்சம் யோசித்தே ஏற்க வேண்டும். வெப்பமானியில் படித்த அளவைச் சரிபார்க்கிறோமே, அதுபோலத்தான்.

"ஐயா, இதெல்லாம் சரி. திருத்துபவர் ஐந்து பாயிண்ட் இருக்கிறதா என்றுதானே பார்ப்பார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பள்ளிகளிலும் நோட்ஸ்களிலும் அப்படியே பழக்கிவிட்டார்கள். பழியை முழுவதும் உங்கள் மீது போடமாட்டேன். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துபவருக்கும் நேரம் குறைவுதான். எனவே தலைப்புகளை விட்டுவிட வேண்டாம். ஐந்தும் இருக்கட்டும், கோடும் இருக்கட்டும். தலைப்புக்கும் தலைப்புக்கும் இடையே 'இதனால்', 'ஆனால் 1748-ல்', 'இதைவிட முக்கியமானது' என்று ஒரு பாலம் போடுங்கள். மதிப்பெண் குறையாது.

வினாவில் உள்ள வினைச்சொல்லையும் கவனியுங்கள். 'கூறுக' என்றால் சொன்னால் போதும். 'விளக்குக' என்றால் எப்படி என்று காட்ட வேண்டும். 'ஆராய்க' என்றால் எடைபோட வேண்டும். மூன்றுக்கும் ஒரே விடையை எழுதிவிட்டு வருபவர்களே அதிகம். எழுதத் தொடங்கும் முன் மூன்று நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் முடிவு என்ன என்று ஒரே வாக்கியத்தில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் எழுத வேண்டாம். ஆண்டுகளை எல்லாம் கொட்டவும் வேண்டாம். மேலே 1748-க்கு வேலை இருந்தது, அதனால் எழுதினோம். வேலை இல்லாத ஆண்டு விடைத்தாளில் சும்மா நிற்கும் ஆள்.

இனி உங்கள் முறை. 'புதுச்சேரி விடுதலை பெற்றது எப்போது?' இதை ஒரு மதிப்பெண் வினாவாகவே பார்த்திருப்பீர்கள். அரைப் பக்கக் கட்டுரையாக எழுதிப் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 15-ல் இந்தியா விடுதலை பெற்றபோது இங்கே பிரெஞ்சு ஆட்சிதான். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அந்த நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல். மக்களின் முடிவா, ஆட்சி கைமாறியதா, சட்டமா, எதை 'விடுதலை' என்கிறீர்கள்? எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் சரி, மற்றத் தேதிகளை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு வரியாவது எழுதுங்கள்.