மாலி வராத கச்சேரிகள்

திருவண்ணாமலையில் இலக்கிய நண்பர்கள் கூடும் இரவுகளில் பேச்சு சங்கீதத்தின் பக்கம் திரும்பினால், அரை மணி நேரத்துக்குள் புல்லாங்குழல் மாலி வந்துவிடுவார். வருவார் என்பதைவிட வராமல் போவார் என்பதே சரி. சொல்லப்படுவதெல்லாம் அவர் வராத கச்சேரிகள், வந்தும் வாசிக்காத கச்சேரிகள், பாதியில் எழுந்துபோன கச்சேரிகள். அவர் ஒரு ராகத்தை எப்படி வாசித்தார் என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்கு எங்கள் ஊரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உதறிவிட்டுப் போகிறவனைக் கும்பிடும் ஊர் இது. கிரிவலப் பாதையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் ஒரு சித்தரைத் தேடிப்பார்ப்பது எங்கள் வழக்கம். சபாக்களை மதிக்காதவர், 1986-ல் பத்ம பூஷணை வேண்டாம் என்றவர், அதே ஆண்டு மறைந்தும் போனவர். மாலியையும் அந்த வரிசையில் உட்காரவைத்துவிட்டோம். சித்தராகிவிட்டவரிடம் போய் யார் கமகத்தைப் பற்றிக் கேட்பது?

கேட்கத்தான் வேண்டும். டி.ஆர். மகாலிங்கம் (நடிகர் வேறு, இவர் வேறு, இந்தக் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை) 1926-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஏழு வயதில், மயிலாப்பூரில் முதல் கச்சேரி. கும்பகோணம் சரப சாஸ்திரியும் பின்னர் பல்லடம் சஞ்சீவ ராவும் குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக ஏற்கெனவே நிலைநிறுத்தியிருந்தார்கள். ஆனால் குழல் பாடுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. வீணையில் தந்தியை இழுக்கலாம். மூங்கிலில் இருப்பவை துளைகள். நம் சங்கீதத்தின் உயிரோ ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது. துளையைப் பாதி மூடியும், விரல்களைப் புதிய விதமாகக் கோத்தும், உதட்டின் கோணத்தையும் மூச்சின் அளவையும் மாற்றியும் மாலி அந்த நடுவிடத்தைப் பிடித்தார். வாய்ப்பாட்டின் குழைவு குழலுக்கு வந்தது. சித்து விளையாட்டில் வருகிற காரியமல்ல இது.

அவருடைய சீடர் என். ரமணியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் கதையே கிடையாது. என்ன கதை சொல்வது? ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வந்தார், வாசித்தார் என்றா? திருவாரூரில் 1934-ல் பிறந்து 2015-ல் மறைந்த ரமணி, குருவின் கைக்கு மட்டுமே வசப்பட்டதாகத் தோன்றியதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடமாக்கினார். தாழ்ந்த ஸ்தாயியில் பேசும் நீளக்குழலையும் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். 1996-ல் சங்கீத கலாநிதி ஆனார். என் காதுக்கு மாலியின் தனிமை ரமணியிடம் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் தவறாமல் மேடையேறியவரைச் சாதாரணமாகவும், எழுந்துபோனவரை ஞானியாகவும் நாம் பிரித்துவைத்திருப்பது அநியாயம். டிக்கெட் வாங்கிக் காத்திருந்து, வித்வான் வராமல், கடைசி பஸ்ஸையும் தவறவிட்ட ரசிகனை எந்தக் கதையிலும் காணோம்.

எங்கள் ஊரின் பெரிய துறவி, ரமணர், 1896-ல் இங்கே வந்தவர். 1950-ல் மறையும்வரை இந்த மலையைவிட்டு நகரவில்லை. அதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

அடுத்த பௌர்ணமிக்கு நண்பர்கள் வந்ததும், பேச்சு தொடங்குமுன் ஒலிப்பதிவைப் போட்டுவிடுவதாக இருக்கிறேன். முதலில் மாலி, பிறகு ரமணி. கதை சொல்ல விரும்புகிறவர்கள் தனி ஆவர்த்தனம் முடியும்வரை காத்திருக்கட்டும்.