பின் சீட்டில் 'டம் டம்' சத்தமா? ஷாக் அப்ஸார்பரை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

"மெதுவா போப்பா, இடுப்பு ஒடியுது" என்று பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னால், "ரோடு அப்படி இருக்கும்மா" என்று பதில் சொல்லிவிட்டு ஓட்டுவதுதான் பலரின் வழக்கம். காருக்கு வயது பத்தைத் தாண்டியிருந்தால், குறை ரோட்டில் மட்டும் இருக்காது.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்ற கார் இது. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே பத்து வயது கடந்துவிட்டது. இன்னும் பல வீடுகளில் பிள்ளைகள் ஓட்டிப் பழகுவது இந்தக் காரில்தான். இப்படிப்பட்ட காரில் பின்பக்கம் சத்தம் வந்தால், உடனே 'ஷாக் அப்ஸார்பர் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சரிதானா என்பதை வீட்டு வாசலிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு!

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை. உள்ளே பிஸ்டனும் ஆயிலும் இருக்கும். சின்ன வால்வுகள் வழியாக ஆயில் நெருக்கி ஓடும்போது ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறி அடங்கிவிடும்.

நான்கு பேர் ஏறினால் கார் பின்பக்கம் ரொம்பத் தாழ்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. ஷாக் அப்ஸார்பரை மாற்றினால் அந்தக் குறை தீராது.

ஷாக் வலுவிழந்தால் சொகுசு மட்டும் போவதில்லை. மேடு பள்ளத்தில் டயர் ரோட்டில் ஒட்டாமல் துள்ளும். அந்த நேரத்தில் பிரேக் மிதித்தால் பிடிமானம் குறையும். மழையில், வளைவில் இது ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழப்பதால், தினமும் ஓட்டுபவருக்கு இது பழகிப்போய்விடும்.

வாசலிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

* முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் செலவே இல்லை. சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருந்தாலும் இதேபோல் சத்தம் வரும்.

* காரின் பின் மூலையில் பாடியை அழுத்தி, சட்டென்று கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் ஓகே. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். இதில் பாஸ் ஆனாலே ஷாக் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மற்ற சோதனைகளையும் செய்ய வேண்டும்.

* டார்ச் அடித்து ஷாக்கைப் பாருங்கள். லேசான ஆயில் படலம் இருந்தால் பயமில்லை. ஆயில் வழிந்து, தூசி ஒட்டிச் சேறாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

* டயர் மேல் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலைபோல் தேய்ந்திருந்தால் ஷாக் மேல் சந்தேகப்படலாம். வீல் பேலன்ஸிங் சரியில்லாவிட்டாலும் இப்படித் தேயும்.

* சின்னக் கல்லில் ஏறினாலே 'டக் டக்' என்கிறதா? ஷாக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்ஷோ, போல்ட்டோ தளர்ந்திருக்கலாம். சில மாடல்களில் புஷ்ஷை மட்டும் தனியாக மாற்றலாம். செலவு குறைவு.

மாற்றுவதென்றால்...

ஒரு பக்கம்தான் ஆயில் ஒழுகுகிறது என்றாலும், பின்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக ஆடும். கார் ஷாக் அப்ஸார்பர்கள் பெரும்பாலும் சீல் செய்யப்பட்டவை. திறந்து ஆயில் ஊற்றி 'ரெடி' செய்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பாடிக்கு ஸ்டாண்டு கொடுத்திருக்க வேண்டும். இரண்டு, மாருதி 800 போன்ற கார்களில் ஷாக்கைக் கழற்றும் முன் ஆக்ஸிலுக்குத் தனியாக முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸில் கீழே தொங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும். ஸ்பிரிங்கும் இடம் மாறலாம். மூன்று, புஷ் உள்ள பக்கத்து போல்ட்டை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

கழற்றிய பழைய ஷாக்கையும் பில்லையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பழையதை நிமிர்த்திப் பிடித்து, உள்ளே தள்ளி இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் எதிர்ப்பு இல்லாமல் தொளதொளவென்று போய் வந்தால், மாற்றியது சரியான முடிவுதான்.

கடைசியாக, டெஸ்ட் டிரைவ். வழக்கம்போல் நீங்களே ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிவிட்டு, அம்மா உட்காரும் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். வேலை சரியாக முடிந்ததா என்பது முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே தெரிந்துவிடும்!