இது பிரம்மகமலமா?



"எங்க வீட்ல பிரம்மகமலம் பூக்குது, ஓடி வாங்க!" என்று பக்கத்து வீட்டு அத்தை ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டிருக்கிறாரா? பெரிய வெள்ளைப் பூ, வாசல்வரை மணக்கும். விடிந்தால் வாடிவிடும்.

அது பிரம்மகமலமே இல்லை. நிஷாகந்தி என்னும் கள்ளி! மெக்சிகோ காடுகளில் மரங்களைத் தொற்றி வளர்வது. இலை போலத் தட்டையாக இருப்பது அதன் தண்டு. ஓரத்துப் பள்ளங்களில்தான் மொட்டு வரும்.

அசல் பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பம். இமயமலையில் சுமார் 3,500 மீட்டருக்கு மேல் வளரும். உத்தரகண்டின் மாநில மலர். பூஜைக்கும் மருந்துக்கும் பறித்துப் பறித்து அங்கே குறைந்து வருகிறது. 'அதுதான் எல்லா மாடியிலும் இருக்கே' என்று நாம் நினைத்துவிடக் கூடாதல்லவா?

நிஷாகந்தி வளர்க்க ஆசையா? அத்தையிடம் ஒரு துண்டுத் தண்டு கேளுங்கள். சில நாள் நிழலில் காயவிட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அனுப்பம்பட்டு, பழவேற்காடு பக்கத்துப் பிள்ளைகளே, கிணற்று நீர் உப்பாக இருந்தால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். உச்சி வெயில் ஆகாது; ஜன்னலோரத்துக் காலை வெயில் போதும்.

பூக்க இரண்டு, மூன்று வருடம்கூட ஆகலாம். மொட்டு பருத்து, நுனி மேலே வளைந்தால் நாள் நெருங்கிவிட்டது. அன்றைக்கு மட்டும் சீக்கிரம் தூங்கிவிடாதீர்கள்!