பல்லைப் பிடுங்கியும் போகாத முக வலி

சாயங்காலம் ஆனால் வைத்திக்குப்பம் கடற்கரையில் காற்று வாங்கவென்றே ஆட்கள் வருவார்கள். அந்தக் காற்று கன்னத்தில் பட்டதுமே முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உறைந்து நிற்கிறவர்களும் உண்டு. பல் துலக்க முடியாது. முகம் கழுவப் பயம். மீன் கூடையை இறக்கிவைத்து விலை சொல்ல வாயைத் திறந்தால், தாடையிலிருந்து காதுவரை கரண்ட் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு. சில நொடிகள்தான். உடனே முகம் பழையபடி ஆகிவிடும். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் 'சும்மா நடிக்குது' என்று சொல்லிவிடுவதும் அதனால்தான்.

இதன் பெயர் டிரைஜெமினல் நியூரால்ஜியா. தமிழில் முக்கிளை நரம்பு வலி என்கிறார்கள். முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நரம்பு இருக்கிறது. அது நெற்றி, கன்னம், கீழ்த்தாடை என மூன்றாகப் பிரிந்து, தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிறது. மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் இந்த நரம்பை உரசியபடி துடித்துக்கொண்டே இருந்தால், நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்ந்துவிடும். மேலுறை உரிந்த ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசாகத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இதுதான்.

வாய் கோணிப்போகும் முகவாதம் வேறு. அது முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பின் கோளாறு. இது ஐந்தாவது நரம்பு. இதில் முகம் கோணாது, வலி மட்டும்தான்.

ஆண்டுக்கு லட்சம் பேரில் 4 முதல் 13 பேருக்கு இது புதிதாக வருகிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கே அதிகம், அதிலும் பெண்களுக்கு. பலரும் முதலில் போவது பல் டாக்டரிடம்தான். அதில் தப்பும் இல்லை. வலி ஈறிலும் பல்லிலும்தானே தெரிகிறது. சிக்கல் அதற்குப் பிறகு. சந்தேகத்துக்கு இடமான ஒரு பல்லை எடுப்பார்கள். வலி நின்றுவிடும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும். அடுத்த பல்லை எடுப்பார்கள். இப்படியே நான்கைந்து நல்ல பற்களைப் பறிகொடுத்த பிறகு நரம்பு டாக்டரிடம் வந்து சேர்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பல்லை எடுத்ததும் வலி நின்றது எப்படி? இந்த நோயின் சுபாவமே அது. சில வாரம் படுத்தும், பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட காணாமல் போகும். அது ஓய்வெடுக்கப் போகும் நேரம் பார்த்துப் பல் எடுத்திருந்தால் பெயர் பல்லுக்கு. வேப்பிலை அடித்து மந்திரித்திருந்தால் பெயர் மந்திரத்துக்கு.

பல் வலியையும் இதையும் பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சொத்தைப் பல் விண்விண்ணென்று மணிக்கணக்கில் வலிக்கும், ராத்திரியில் எழுப்பிவிடும். நரம்பு வலி மின்னல் மாதிரி. ஒரு வெட்டு அதிகபட்சம் 2 நிமிடம். முகத்தில் ஒரு பக்கம் மட்டும். தூக்கத்தில் பெரும்பாலும் தொந்தரவு தராது. காற்று, சவரம், மூக்குத்தி உரசுவது, ஒரு வாய் சோறு என ஏதோ ஒன்று அதைக் கிளப்பிவிடும். அக்கி வந்து போன பிறகு அதே இடத்தில் விடாமல் எரிவது வேறு ரகம், அதற்கு வைத்தியமும் வேறு.

இத்தனைக்கும் இது புது நோய் இல்லை. 1756ல் நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதற்கு 'டிக் டூலூரூ' என்று பெயர் வைத்தார். வலியோடு முகம் வெட்டி இழுப்பது என்று பொருள். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

நல்ல மருந்து கிடைக்க மட்டும் இன்னும் 200 வருடம் ஆனது. வலிப்பு நோய்க்கென வந்த கார்பமஸெபின் இதற்கும் கேட்கிறது என்று 1962ல் ஸ்வீடன் மருத்துவர் ஒருவர் எழுதினார். இன்றும் முதலில் கொடுப்பது அந்த மாத்திரைதான். பாராசிட்டமால், டைக்ளோபினாக் எல்லாம் இந்த வலியிடம் எடுபடாது. கடையில் வாங்கி விழுங்கி விழுங்கி வயிறும் கிட்னியும் கெடுவதுதான் மிச்சம்.

கார்பமஸெபினைக் கொஞ்சமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஆரம்பத்தில் தூக்கமும் தலைசுற்றலும் வரும். படகில் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. உடம்பில் தடிப்போ வாய்க்குள் புண்ணோ வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அபூர்வமாக அது உயிருக்கே ஆபத்தாகும். கருத்தடை மாத்திரையின் பலனையும் இது குறைத்துவிடும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுவது அவசியம். வலி நின்றுவிட்டதே என்று மாத்திரையைத் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். வெளியே போகும்போது முந்தானையோ துண்டோ காற்றுப் படாமல் கன்னத்தை மூடியிருக்கட்டும். மாசி மகத்தன்று தீர்த்தவாரி பார்க்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெதுவெதுப்பான தண்ணீர், மிருதுவான பிரஷ். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, குழைந்த சாதமோ கஞ்சியோ மறுபக்கமாக வைத்துச் சாப்பிடலாம். வலிக்குப் பயந்து பட்டினி கிடந்து இளைத்துப்போகிறவர்கள் நிறைய. வலி வெட்டும்போது 'என்னாச்சு, சொல்லு' என்று பேசச் சொல்லாமல் இருப்பதே வீட்டார் செய்கிற பெரிய உதவி. அடுத்த வெட்டு எப்போது என்ற பயத்திலேயே மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மாத்திரை கேட்காவிட்டாலும் வழி இருக்கிறது. காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே ஒரு டெஃப்லான் பஞ்சை வைக்கும் அறுவை சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா பிரபலமாக்கினார். 1996ல் வெளியான அவர் குழுவின் கணக்குப்படி, 10 ஆண்டுகளுக்குப் பிறகும் 10 பேரில் 7 பேர் வலியின்றி இருந்தார்கள். பெரிய ஆபரேஷன்தான், ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. வயதானவர்களுக்கு ஊசி வழியாகவும் கதிர்வீச்சு வழியாகவும் செய்கிற சிகிச்சைகள் இருக்கின்றன. அதில் முகம் கொஞ்சம் மரத்துப்போகலாம். நடிகர் சல்மான் கான் இதே வலிக்காக 2011ல் அமெரிக்கா போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்.

வைத்திக்குப்பத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர், கோரிமேட்டில் இருக்கிறது. நரம்பியல் பிரிவும் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவும் அங்கே உண்டு. 40 வயதுக்குள் வலி வந்தாலோ, முகம் மரத்தாலோ, காது மந்தமானாலோ, இரண்டு பக்கமும் வலித்தாலோ தாமதிக்கக் கூடாது. கட்டியோ வேறு நரம்பு நோயோ இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

போகும்போது ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: எந்த இடம், எத்தனை நொடி, எது கிளப்புகிறது, இதுவரை என்ன மாத்திரை. எடுத்த பல்லின் எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அதையும்.