பருப்பு வேகாததற்கு யார் காரணம்?



போன பௌர்ணமி அன்னைக்கு எங்க வீட்டில் நான்தான் சமையல். சிரிக்காதீங்க, முழுசா படிங்க.

எங்க அம்மா கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போடுகிறார்கள். பௌர்ணமின்னா மதியம் மூணு மணிக்கே மாவு, பாத்திரம், அடுப்பு எல்லாம் தூக்கிக்கொண்டு கிளம்பி, மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வருவார்கள். அன்னைக்கு எப்பவும் ஆயாதான் சமைப்பாங்க. இந்த தடவை ஆயாவுக்கு கண் ஆபரேஷன் ஆகி, அடுப்புப் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பா கொத்தனார் வேலை முடிந்து வர இரவு ஆகும். தங்கச்சி நாலாவது படிக்கிறாள். மிச்சம் இருந்தது நான்.

சோறு ஒரு வழியாகக் குழைஞ்சு வந்தது. பருப்புதான் வேகவே இல்லை. குக்கரில் எட்டு விசில் விட்டேன். திறந்து பார்த்தால் சரளைக் கல்லு மாதிரி அப்படியே கிடந்தது. தங்கச்சி தட்டைத் தள்ளிவிட்டு, "உனக்கு சமைக்கவே தெரியல" என்றாள்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன்னா, போன மாசம் அதே தட்டை அதே மாதிரி தள்ளிவிட்டு, அம்மாவைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னவன் நான்.

காலையில் அம்மா வந்து குக்கரைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "போர் தண்ணி ஊத்தினியா?"

ஆமாம். பௌர்ணமிக்கு ரோட்டை எல்லாம் அடைச்சுட்டதால் கேன் தண்ணி வண்டி எங்க தெருவுக்கு வரவில்லை. அதனால் போர் தண்ணியைத்தான் ஊற்றினேன். வேதியியல் சாரிடம் கேட்டேன். கடின நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு அந்த உப்புகள் சேர்ந்து இறுக்கிவிடும். அதனால்தான் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் லேசில் கரையாது என்றார். பழைய பருப்பாக இருந்தால் இன்னும் மோசமாம். எங்க ஆயா அந்தக் காலத்தில் கூரைத் தண்ணியை அண்டாவில் பிடித்துவைத்து அதில்தான் பருப்பு வேகவைப்பார்களாம். மழைத் தண்ணியில் அந்த உப்புகள் கிடையாதே! ஆயாவுக்கு பெக்டின் தெரியாது, தண்ணி தெரியும்.

இதிலிருந்து நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. நாம் சாப்பாடு நன்றாக இருந்தால் "கைப்பக்குவம்" என்கிறோம். நன்றாக இல்லாவிட்டால் "சமைக்கத் தெரியலை" என்கிறோம். ரெண்டுக்குமே சமைக்கிற ஆளை மட்டும்தான் பார்க்கிறோம். ஆனால் ஒரு சமையலைச் செய்வது அந்த ஆள் மட்டும் இல்லை. தண்ணி, அடுப்பு, வெயில், ஊர், கையில் இருக்கிற காசு, அன்றைக்கு உடம்பு இருக்கிற நிலைமை, மணி எத்தனை என்பது, எல்லாம் சேர்ந்துதான் சமைக்கின்றன.

இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவைப் புளிக்கவைப்பது காற்றிலும் உளுந்திலும் இருக்கிற நுண்ணுயிரிகள். சித்திரை வெயிலில் நம்ம ஊரில் சாயங்காலம் ஆட்டிய மாவு ராத்திரிக்குள்ளேயே பொங்கி வழியும். மார்கழியில் விடிஞ்சாலும் எழும்பாது. அப்போது அம்மா மாவுப் பாத்திரத்தைத் துணி சுற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு பன்னிரண்டு மாசமும் ஒரே இட்லிதான். அம்மாவுக்கு ஒவ்வொரு மாசமும் வேறு வேறு கணக்கு.

என்ன சமைக்கிறோம் என்பதையும் ஊர்தான் சொல்லுகிறது. நம்ம மாவட்டத்தில் மல்லாட்டை நிறைய விளைகிறது, அதனால் தேங்காய் விலை ஏறினால் நம்ம வீடுகளில் மல்லாட்டை சட்னி. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது, அங்கே சாமைச் சோறு. அம்மா ஊர் பக்கம் கேழ்வரகுக் களி. யாரும் ரசனையில் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆயா கல்யாணம் ஆகி வந்தபோது விறகு அடுப்புதான். சுள்ளி பொறுக்கி வந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி சமைத்திருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. அப்போதுதான் எங்க வீட்டுக்கும் கேஸ் வந்தது. புகை சும்மா கண்ணை மட்டும் எரிக்கவில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாப்பாட்டில் உப்பு கம்மின்னு சண்டை போடுகிறோமே, அந்தச் சோறு ஆக்கியவர் எவ்வளவு புகை குடித்தார் என்று யாராவது கேட்டோமா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தண்ணி, அடுப்பு, வெயில், நேரம் எல்லாவற்றோடும் தினமும் மல்லுக்கட்டுவது யார்? மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரத்தை எப்படிச் செலவு செய்கிறோம் என்று நாடு முழுக்க கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், அப்போது பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செய்தார்கள், ஆண்கள் 97 நிமிஷம். அதாவது ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதிலும் அந்த ஒன்றரை மணி நேரம் செய்கிற ஆண்களே நாலில் ஒரு பங்குதான்.

"ஆம்பளைப் பையன் சமைக்கலாமா?" என்று என் நண்பன் ஒருத்தன் கேட்டான். நம்ம ஊரையே பார்க்கச் சொன்னேன். பெரிய கோயில் மடைப்பள்ளியில் யார் சமைக்கிறார்கள்? கல்யாண மண்டபத்தில் யார்? பிரியாணிக் கடையில் யார்? எல்லாம் ஆண்கள். ரமண மகரிஷி ஆசிரமத்துச் சமையல்கட்டில் விடியற்காலையிலேயே உட்கார்ந்து காய் நறுக்கினார், சமைத்தார், எதையும் வீணாக்க விடமாட்டார் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவரைவிடவா நாம் பெரிய ஆட்கள்? கூலி கிடைத்தால் ஆண் சமைக்கலாம், கூலி இல்லை என்றால் அம்மா மட்டும்தான் சமைக்கவேண்டும் என்பது என்ன நியாயம்?

இன்னொருத்தன், "அம்மா பாசத்தோடு செய்யறாங்கடா, அது வேலை இல்லை" என்றான். பாசம் உண்மைதான். ஆனால் ராத்திரி பூரா கடையில் நின்றுவிட்டு வந்து, காலில் வீக்கத்தோடு மறுபடியும் எங்களுக்காக அடுப்பைப் பற்றவைக்கிறார்களே, பாசம் இருந்தால் அந்தக் கால் வலிக்காதா?

வீட்டு அடுப்பின் பாரத்தை வெளியே இருப்பவர்களும் பகிர்ந்துகொள்ள முடியும். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது. தங்கச்சி பள்ளியில் காலையில் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அம்மா காலையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிப்பதை நான் பார்த்தேன். அரசாங்கமே பகிர்ந்துகொள்ளும்போது ஒரே வீட்டில் இருக்கிற நாம் பகிர்ந்துகொள்ளக் கூடாதா?

சாப்பாட்டைக் குறையே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குறை சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை அடுப்படிக்குள் போய்ப் பாருங்கள் என்கிறேன். மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று, வாரத்தில் ஒரு வேளை வீட்டில் நீங்கள் சமையுங்கள். முக்கியமாகப் பையன்கள்.

இரண்டு, நம் அறிவியல் மன்றம் சார்பில் எல்லோரும் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவருவோம். சோப்பு நுரையை வைத்து எந்தத் தெருவில் எவ்வளவு கடின நீர் என்று ஒரு அட்டவணை போட்டு இதே சுவரில் ஒட்டுவோம். சார் அனுமதி தரவேண்டும்.

மூன்று, மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயம் ஆனது. உங்க வீட்டுத் தொட்டி மண் மூடிக் கிடக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

அடுத்த பௌர்ணமிக்கும் எங்க வீட்டில் நான்தான் சமையல். முந்தின நாளே ரெண்டு குடம் கேன் தண்ணி பிடித்துவைத்துவிடுவேன், பருப்பை மதியமே ஊறவைத்துவிடுவேன். அம்மா கடையிலிருந்து வந்ததும் ஒரு தட்டு சாம்பார் சோறு இருக்கும். உப்பு கம்மியாக இருந்தாலும் அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அடுப்படி எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்